எண்கோடும் சமச்சீர் கோடும்: எந்தக் கருவியை முதலில் எடுப்பது?

எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள ஒரு பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்கோடு ஒரு பாடத்தில் வரும், சமச்சீர் கோடு (எந்தக் கோட்டில் மடித்தால் வடிவத்தின் இரு பாகமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமோ அந்தக் கோடு) வேறொரு பாடத்தில் வரும். இரண்டுக்கும் கருவிகள் நிறைய இருக்கின்றன. அச்சடித்த எண்கோடு, குறிகளே இல்லாத வெறுங்கோடு, நெட்டுக்குத்தாக நிற்கும் கோடு, காகித மடிப்பு, கண்ணாடி, டிரேசிங் பேப்பர், கட்டம் போட்ட தாள், கணினி மென்பொருள். எதை முதலில் எடுப்பது, எதைப் பிறகு எடுப்பது, எந்த வேலைக்கு எதைத் தொடவே கூடாது என்பதில் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறோம். மேல் வகுப்பில் பிள்ளைகள் செய்யும் பல தப்புகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பாடத்துக்கும் பொதுவாக முதலில் எடுக்க வேண்டியது நீளமான ஒரு காகிதப் பட்டை. அதில் எண்கோடு வரையலாம், அதையே மடிக்கவும் செய்யலாம். மற்ற எல்லாவற்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற கருவியை எடுக்க வேண்டும்.

கட்டமா, கோடா?

சின்ன வகுப்புகளில் 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எண் எழுதிக் காட்டுவது வழக்கம். எண்ணிப் பழக இது போதும். ஆனால் கட்ட வரிசையும் எண்கோடும் ஒன்றல்ல. கட்ட வரிசையில் எண் என்பது ஒரு பெட்டி. எண்கோட்டில் எண் என்பது ஒரு புள்ளி, பூச்சியத்திலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் அளவு. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் எதுவும் இருக்க முடியாது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் எல்லாப் பின்னங்களும் இருக்கின்றன.

கட்டத்திலேயே ரொம்ப நாள் இருந்துவிட்ட பிள்ளையிடம் எண்கோட்டைக் காட்டி, 3-லிருந்து 7 எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். 3, 4, 5, 6, 7 என்று விரல் வைத்து எண்ணி "ஐந்து" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். குறிகளை எண்ணுகிறது, குறிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளை எண்ணவில்லை. அளவுகோலை 0-இல் வைக்காமல் 1-இல் வைத்து அளக்கும் பிள்ளையும் இதே தப்பைத்தான் செய்கிறது. இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு இடைவெளிக்கும் மேலே ஒரு வளைவு போடச் சொல்லி, வளைவுகளை எண்ணச் சொல்ல வேண்டும். 5 என்று குறிக்கும்போது புள்ளி வைத்ததோடு நிறுத்தாமல் 0-லிருந்து 5 வரை வண்ணம் தீட்டச் சொல்வதும் நல்லது. பின்னம் தொடங்குவதற்கு முன்பே கட்டத்திலிருந்து கோட்டுக்கு மாறிவிட வேண்டும். அதற்குப் பிறகு மாறினால் இரண்டு வேலை.

அச்சடித்த கோடா, வெறுங்கோடா?

எல்லாக் குறிகளும் எண்களும் போட்டு வைத்த கோடு பார்க்க நன்றாக இருக்கும். 47-உடன் 38-ஐக் கூட்டச் சொன்னால் பிள்ளை 47-இல் விரலை வைத்து ஒவ்வொன்றாக 38 முறை தாவும். வழியில் ஒரு தாவல் தவறினால் விடை தவறும். அதைவிட, யோசிக்க வேண்டிய வேலையைக் கோடே எடுத்துக்கொள்வதுதான் பெரிய குறை.

வெறுங்கோட்டில் எதுவும் எழுதியிருக்காது. பிள்ளையே 47 என்று ஒரு குறி போடும். 30 தாவினால் 77. இன்னும் 3 தாவினால் 80. மீதி 5 தாவினால் 85. முடிந்தது. தாவல்களின் நீளம் சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மனதில் நடக்கும் கணக்கைக் காகிதத்தில் பார்க்க வைப்பதுதான் இதன் வேலை. நெதர்லாந்தில் ஃப்ராய்டென்தால் நிறுவனத்தைச் சேர்ந்த கணிதக் கல்வியாளர்கள் இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள், இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. கழித்தலில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 83-லிருந்து 67-ஐக் கழிக்க, 67-இல் தொடங்கி முன்னால் போகலாம். 3 போனால் 70, 10 போனால் 80, இன்னும் 3 போனால் 83. ஆக 16. கழித்தல் என்பது இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரம் என்று ஒரு பிள்ளைக்குப் புரிய இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

ஆனால் வெறுங்கோட்டைக் கணக்குப் போட மட்டும்தான் எடுக்க வேண்டும். ஒரு எண் எங்கே இருக்கிறது என்று காட்ட அது உதவாது, ஏனென்றால் அதில் அளவு இல்லை. பின்னம், தசமம், சமச்சீர் மூன்றுக்கும் சமமான இடைவெளியுள்ள கோடு வேண்டும். ஒரே பாடவேளையில் இரண்டையும் கலந்தால், தூரம் முக்கியமா இல்லையா என்று பிள்ளை குழம்பிப்போகும்.

பின்னத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் படம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. பாதி, கால் என்று தொடங்க அது சரி. ஆனால் 5/4 என்று வந்ததும் அந்தப் படம் திணறும். நான்கு துண்டில் எப்படி ஐந்து எடுப்பது என்று பிள்ளை கேட்கும், கேட்பது நியாயம்தான். அளவிட்ட எண்கோட்டில் 5/4-க்கு எந்தச் சிக்கலும் இல்லை. 1-ஐத் தாண்டி ஒரு கால் தூரத்தில் அது பேசாமல் நிற்கிறது. 1/3-ஐவிட 1/4 பெரியது என்று சொல்லும் பிள்ளையிடம் ஒரே நீளமுள்ள இரண்டு பட்டைகளைக் கொடுங்கள். ஒன்றை இரண்டாக மடித்து மறுபடி இரண்டாக மடித்தால் நான்கு பாகம். மற்றதை வளைத்து, மூன்று அடுக்கும் சமமாக வரும்வரை நகர்த்தி அழுத்தினால் மூன்று பாகம். இரண்டையும் விரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 1/4-இன் மடிப்பு 1/3-இன் மடிப்புக்கு இடப்பக்கம் இருப்பது கண்ணுக்கே தெரியும்.

தசமத்திலும் இதே கதை. 35 என்பது 4-ஐவிடப் பெரியது, ஆகவே 0.35 என்பது 0.4-ஐவிடப் பெரியது என்று நினைக்கும் பிள்ளைக்கு விதி சொல்லிப் பயனில்லை. 0-க்கும் 1-க்கும் நடுவில் பத்துப் பாகம் போட்டு 0.35-ஐ வைக்கச் சொன்னால், அது 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில்தான் உட்கார முடியும்.

இன்னும் பெரிய பிள்ளைகளுக்கு, 0-க்கும் 1-க்கும் இடையே உள்ள துண்டின்மேல் ஒரு சதுரம் வரையச் சொல்லி, அதன் மூலைவிட்டத்தின் நீளத்தைக் கவராயத்தில் எடுத்து, முள்ளை 0-இல் ஊன்றி எண்கோட்டின்மேல் ஒரு வில் போடச் சொல்லுங்கள். வில் வெட்டும் இடம் 2-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 1.414. எந்தப் பின்னமாகவும் எழுத முடியாத ஒரு எண்ணுக்கும் கோட்டில் குறிப்பான ஒரு இடம் இருக்கிறது என்பதைக் கையால் செய்து பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைக் கவனியுங்கள்.

படுத்த கோடா, நிற்கும் கோடா?

குறை எண்கள் தொடங்கும்போது இந்தக் கேள்வி வரும். −7 பெரியதா, −3 பெரியதா என்று கேட்டால் முதல் வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் −7 என்பார்கள். வெப்பமானிபோல நிற்கும் கோட்டில் இந்தத் தப்பு சீக்கிரம் தெளியும். மேலே இருப்பது பெரியது, கீழே இருப்பது சிறியது. −7 என்பது −3-க்கும் கீழே. கடல் மட்டத்துக்கு மேலே, கீழே என்ற பேச்சும் இதற்கு ஒத்துவரும். படுத்த கோட்டில் வலப்பக்கம் போனால் பெரியது என்பது வெறும் உடன்பாடு, அதை முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

கூட்டல், கழித்தலுக்குப் படுத்த கோடுதான் வசதி. ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1685-இல் வெளியிட்ட தம் இயற்கணித நூலில், ஒரு ஆள் முன்னால் 5 கஜம் நடந்து பிறகு 8 கஜம் பின்னால் வந்தால் எங்கே நிற்பான் என்று கேட்டு, கிளம்பிய இடத்துக்கு 3 கஜம் பின்னால் என்று படுத்த கோட்டை வைத்து விளக்கினார். ஒன்றுமில்லாததைவிடக் குறைந்த எண் எப்படி இருக்க முடியும் என்று படித்தவர்களே தயங்கிய காலம் அது. நடப்பதாகச் சொன்னதும் தயக்கத்துக்கு இடமில்லாமல் போகிறது. இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அந்த விளக்கமே போதும்.

ஆக, எது பெரியது என்பதற்கு நிற்கும் கோடு, எங்கே போய்ச் சேர்வோம் என்பதற்குப் படுத்த கோடு. சமச்சீருக்கும் படுத்ததுதான் என் தேர்வு. இடமும் வலமும் ஒத்திருப்பதை நம் கண் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. மேலும் கீழும் ஒத்திருப்பதைக் கவனிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது.

பூச்சியத்தில் ஒரு மடிப்பு

இனி அந்தக் காகிதப் பட்டை. 44 சென்டிமீட்டர் நீளம், விரல் அகலம் போதும். தாள் சின்னதாக இருந்தால் இரண்டு துண்டை ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு. கோட்டின் நடுவில் 0. வலப்பக்கம் 2 சென்டிமீட்டருக்கு ஒரு குறியாக 10 வரை, இடப்பக்கம் −10 வரை. இரு ஓரத்திலும் 2 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும். குறிகளை அளவுகோல் வைத்துத் துல்லியமாகப் போடச் சொல்லுங்கள், இதில் அவசரப்படக் கூடாது. எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி சரியாக 0-இல் மடித்து, ஓரங்கள் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்து அழுத்த வேண்டும். பிறகு 4-இன் குறியில் ஒரு குண்டூசியைக் குத்தி மறுபக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி −4-இன் குறியில் வெளியே வந்திருக்கும். விலகி வந்திருந்தால் குறி போட்டதில் அல்லது மடித்ததில் பிசகு, திரும்பச் செய்ய வேண்டும்.

இந்த ஒரு மடிப்பிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். 4-க்கும் −4-க்கும் மடிப்பிலிருந்து தூரம் ஒன்றுதான். எண்ணின் கூட்டல், கழித்தல் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுப்பது என்றால் என்ன என்பது இதில் அடங்கிவிட்டது. −4-இன் எதிர் எண் ஏன் 4 என்றால், ஊசி எந்தப் பக்கத்திலிருந்து குத்தினாலும் அதே இரண்டு ஓட்டைதான். அடுத்து, 2-ஐயும் 5-ஐயும் குத்திப் பட்டையை விரியுங்கள். 2 இடது, 5 வலது. மறுபக்கத்திலோ −5 இடது, −2 வலது. மடிப்பு வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டது. 'சிறியது', 'பெரியது' குறியின் இருபுறமும் −1-ஆல் பெருக்கும்போது குறி ஏன் திரும்புகிறது என்று மேல் வகுப்பில் விதியாக மனப்பாடம் செய்வார்களே, அதன் காரணம் இதுதான். 3 < 7 என்றால் −3 > −7. பட்டையை மடித்த பிள்ளைக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம், மடிப்பை நகர்த்துங்கள். புதுப் பட்டையில் 3-இல் மடித்தால் 5-இன்மேல் 1 விழும், 8-இன்மேல் −2, 0-இன்மேல் 6. ஜோடிகளை எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொன்னால் எல்லாமே 6 என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். மடிப்பு இருக்கும் எண்ணின் இரு மடங்கு. ஆகவே, எந்த எண்ணின் ஜோடியும் வேண்டுமானால் அதை 6-லிருந்து கழித்தால் போதும். தலைகீழாகவும் கேட்கலாம். 2-உம் 9-உம் ஒன்றன்மேல் ஒன்று விழ எங்கே மடிக்க வேண்டும்? 5.5-இல். சராசரி என்று ஒரு சூத்திரம் உண்டே, அது இந்த மடிப்புதான். 3-லிருந்து 5 தூரத்தில் உள்ள எண்கள் எவை என்ற கேள்விக்கு −2, 8 என்று இரண்டு விடை ஏன் வருகிறது என்பதும் பட்டையில் தெரியும்.

ஆர்வமுள்ள பிள்ளைக்கு இன்னொன்று. முதலில் 0-இல் மடித்து ஜோடியைக் கண்டுபிடி, அந்த ஜோடிக்கு 3-இல் மடித்து மறுபடி ஜோடி பார். 4 முதலில் −4 ஆகும், பிறகு 10 ஆகும். 1 முதலில் −1, பிறகு 7. எந்த எண்ணில் தொடங்கினாலும் 6 முன்னால் நகர்ந்திருக்கும், இரண்டு மடிப்புக்கும் இடையே உள்ள தூரத்தின் இரு மடங்கு. மடிப்பு வரிசையை மாற்றி முதலில் 3, பிறகு 0 என்று செய்தால் 6 பின்னால் நகரும். இரண்டு எதிரொளிப்பு (கண்ணாடியில் தெரிவதுபோல ஒரு கோட்டின் மறுபக்கம் புரட்டுவது) சேர்ந்தால் ஒரு நகர்வு என்பது மேல்படிப்பில் வரும் செய்தி. பத்து வயதுப் பிள்ளை அதைக் குண்டூசியை வைத்தே கண்டுபிடித்துவிடும்.

அச்சடித்த எண்கோட்டை மடிக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அட்டையில் அச்சடித்தோ சுவரில் ஒட்டியோ இருப்பதால் யாரும் மடிப்பதில்லை. தானே அளந்து போட்ட குறியில் ஊசி சரியாக வருவதில் பிள்ளைக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் ஊசி ஓட்டையின் மேடு விரலில் தட்டுப்படும். கண்ணாடியும் கணினித் திரையும் அவர்களுக்கு அதைத் தருவதில்லை.

வடிவங்களுக்கு: மடிப்பா, கண்ணாடியா?

பட்டையின் மடிப்பைக் கவனித்தீர்களானால் அது எண்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும், ஒவ்வொரு ஜோடிக்கும் நட்டநடுவில் இருக்கும். சமச்சீர் கோட்டுக்கு வேண்டிய இரண்டு நிபந்தனையும் இவைதான். வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் ஜோடிப் புள்ளியோடு இணைத்தால், சமச்சீர் கோடு அந்த இணைப்புக்கு மையக்குத்துக்கோடாக இருக்க வேண்டும்.

இதற்குப் பதிலாக, 'ஒரு வடிவத்தை இரண்டு சம பாகமாகப் பிரிக்கும் கோடு' என்று சொல்லிக்கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இணைகரத்தின் மூலைவிட்டம் அதைத் துல்லியமாக இரண்டு சம முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஆனால் இணைகரத்துக்குப் பொதுவாக ஒரு சமச்சீர் கோடுகூடக் கிடையாது. செவ்வகத்தின் மூலைவிட்டமும் அப்படித்தான். அந்த ஒரு வாசகத்தை நம்பி, செவ்வகத்துக்கு நான்கு சமச்சீர் கோடுகள் என்று எழுதி மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் ஏராளம்.

செவ்வகத் தாளை மூலைவிட்டத்தில் மடிக்கச் சொன்னால் சந்தேகம் அங்கேயே தீரும். இரண்டு மூலைகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். பாகங்கள் சமம்தான், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. ஒரு பாகத்தை அரைச் சுற்று சுற்றினால்தான் பொருந்தும், அது சுழல் சமச்சீர். சதுரத்தில் மட்டும் மூலைவிட்ட மடிப்பு சரியாகப் பொருந்தும். அதனால் சதுரத்துக்கு 4, செவ்வகத்துக்கு 2 (நடுவில் குறுக்கும் நெடுக்கும்), சாய்சதுரத்துக்கு 2 (மூலைவிட்டங்கள்), பட்ட வடிவத்துக்கு 1, இருசமபக்கச் சரிவகத்துக்கு 1. முக்கோணங்களில் சமபக்கத்துக்கு 3, இருசமபக்கத்துக்கு 1, அசமபக்கத்துக்கு ஒன்றும் இல்லை. வட்டத்துக்கு எந்த விட்டமும் ஆகும்.

கண்ணாடி பார்க்க வசீகரமானது, பாதிப் படத்தை முழுப்படமாக்கிக் காட்டும். ஆனால் சோதிக்கும் கருவியாக அது ஏமாற்றும். செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மேல் கண்ணாடியை நிறுத்திப் பாருங்கள். முன்னால் உள்ள முக்கோணமும் கண்ணாடிக்குள் தெரியும் முக்கோணமும் சேர்ந்து அழகான ஒரு பட்ட வடிவம் தெரியும். சமச்சீராக இருக்கிறதே என்று பிள்ளை சொல்லும். எந்தக் கோட்டில் வைத்தாலும் கண்ணாடியில் தெரிவது சமச்சீராகத்தானே இருக்கும்! கேட்க வேண்டிய கேள்வி, கண்ணாடியில் தெரிவதும் அதன் பின்னால் மறைந்திருப்பதும் ஒன்றா என்பது. கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஒப்பிடும் பழக்கம் வந்த பிறகு அதைக் கொடுக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

கண்ணாடிக்கே உரிய ஒரு வேலையும் உண்டு. இரண்டு சிறு கண்ணாடிகளை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டி, புத்தகம்போல விரித்து நிறுத்த வேண்டும். எதிரே தாளில் ஒரு நேர்கோடு வரைந்து, அது இரண்டு கண்ணாடியையும் சம தூரத்தில் தொடும்படி வைத்தால், 120 பாகையில் சமபக்க முக்கோணம் தெரியும். 90 பாகையில் சதுரம், 72 பாகையில் ஐங்கோணம், 60 பாகையில் அறுகோணம். ஒழுங்கு பலகோணத்துக்கு எத்தனை பக்கமோ அத்தனை சமச்சீர் கோடு என்ற பாடத்துக்கு இது நல்ல நுழைவாயில். பக்கங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு கோடும் ஒரு முனையையும் எதிர்ப்பக்கத்தின் நடுவையும் தொடும். இரட்டைப்படையாக இருந்தால் பாதிக் கோடுகள் எதிரெதிர் முனைகள் வழியாகவும் மீதி எதிரெதிர்ப் பக்கங்களின் நடு வழியாகவும் போகும்.

வெட்ட முடியாத, புத்தகத்தில் அச்சான வடிவங்களுக்கு டிரேசிங் பேப்பர். படியெடுத்துக் கவிழ்த்துப் போட்டால் எதிரொளிப்பு, சுற்றினால் சுழற்சி. இரண்டையும் ஒரே தாளில் சோதிக்க முடிவது இதன் பலம். ஆய்த எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃ-இன் மூன்று புள்ளியும் ஒரே அளவில், ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருந்தால் அதற்கு 3 சமச்சீர் கோடு. அச்செழுத்தில் மேற்புள்ளி கொஞ்சம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் 1 மட்டும்தான். வெவ்வேறு எழுத்துருவில் பெரிதாக அச்சிட்டுப் படியெடுத்துப் பார்க்கச் சொன்னால், கண்ணளவை நம்பாமல் சோதிக்கும் பழக்கம் வரும்.

கட்டத் தாளும் கணினியும்

இதுவரை சொன்னவை சமச்சீரைக் கண்டுபிடிக்க. எதிரொளிப்பை வரைய வேண்டும் என்றால் கட்டம் போட்ட தாள்தான். கோடு நெட்டுக்குத்தாகவோ கிடையாகவோ இருக்கும்வரை பிள்ளைகள் கட்டங்களை எண்ணி எளிதாக வரைந்துவிடுவார்கள். கோடு சாய்ந்ததும் பிசகும். 45 பாகையில் சாய்ந்த கோட்டின் ஒரு பக்கத்தில் உள்ள புள்ளியை, கிடைமட்டமாகவே மறுபக்கம் தள்ளிவிடுவார்கள். கோட்டுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும் என்பதை முன்பு தாள் தானாகச் செய்துகொடுத்தது, இப்போது பிள்ளை செய்ய வேண்டும். இதற்குக் கட்டங்களின் குறுக்காக மூலைக்கு மூலை எண்ணச் சொல்லலாம். அல்லது, புள்ளியிலிருந்து கிடையாக 3 கட்டம் போனால் கோடு வருகிறது என்றால், அங்கிருந்து செங்குத்தாக 3 கட்டம் திரும்பலாம். புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் கீழ்நோக்கி, கீழே இருந்தால் மேல்நோக்கி. இரண்டிலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

அச்சுகள் வரைந்து எண் எழுதியதும் காகிதப் பட்டை திரும்ப வருகிறது. (2, 5) என்ற புள்ளியைச் செங்குத்து அச்சில் எதிரொளித்தால் (−2, 5), அதாவது கிடை அச்சு 0-இல் மடிந்தது. கிடை அச்சின் 3 வழியாகப் போகும் செங்குத்துக் கோட்டில் எதிரொளித்தால் (4, 5), ஏனென்றால் 6-லிருந்து 2 போனால் 4. உயர்நிலை வகுப்பில், ஒரு எண்ணின் வர்க்கத்திலிருந்து அந்த எண்ணின் 6 மடங்கைக் கழித்து 5-ஐக் கூட்டி வரைபடம் போட்டால் பரவளையம் கிடைக்கும். 1-லும் 5-லும் மதிப்பு 0, 2-லும் 4-லும் −3, 0-விலும் 6-லும் 5. மறுபடியும் 3-இல் மடித்த ஜோடிகளேதான்! சமச்சீர் அச்சு எங்கே என்று சூத்திரம் தேட வேண்டியதில்லை, மதிப்பு 0 ஆகும் இரண்டு எண்களின் நடுவைப் பார்த்தால் போதும்.

மென்பொருள்களில் ஜியோஜிப்ரா பரவலாகத் தெரிந்தது. 2001-இல் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கியது அது. சமச்சீர் கோட்டை இழுத்துச் சாய்க்கச் சாய்க்க, எதிரொளித்த வடிவம் கூடவே திரும்புவதைக் காகிதத்தில் காட்ட முடியாது. சாய்ந்த கோட்டில் தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனால் செங்குத்துக் கோட்டை இழுப்பதும் தூரத்தை அளப்பதும் கணினியே செய்துவிடுவதால், இதில் தொடங்கிய பிள்ளைக்கு அந்த இரண்டும் தெரியாமலே போகலாம். ஆகவே இதைக் கடைசியில் வைப்பேன், அதுவும் ஒரு நிபந்தனையோடு. விடை எங்கே விழும் என்று முதலில் தாளில் குறித்துவிட வேண்டும், பிறகுதான் திரையில் பார்க்க வேண்டும்.

நேரம் குறைவு, இரண்டு கருவிக்குத்தான் இடம் என்றால் காகிதப் பட்டையும் கட்டத் தாளும் போதும். ஒரு பெரிய வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் என்றாலும் இவற்றில் சிக்கல் இல்லை; குண்டூசி மட்டும் சின்னப் பிள்ளைகளின் கைக்குக் கொடுக்காமல், மடித்த பட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குறிகள் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தேர்வுத்தாளை மடிக்க முடியாது. மடித்துப் பழகிய பிள்ளையை, மடிக்காமல் சோதிக்கும் இடத்துக்குக் கொண்டுவர ஒரு படி வேண்டும். மடித்து விரித்த தாளில், ஒரு மூலையையும் அது போய் விழுந்த இடத்தையும் பென்சிலால் இணைக்கச் சொல்லுங்கள். மடிப்புக்கோடு அந்த இணைப்பை எங்கே வெட்டுகிறது என்று அளவுகோலால் அளக்கட்டும், எந்தக் கோணத்தில் வெட்டுகிறது என்று மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கட்டும். நான்கைந்து வடிவங்களுக்கு இப்படிச் செய்த பிறகு, மடிக்காத ஒரு வடிவத்தில் நீங்களே ஒரு கோடு வரைந்து இது சமச்சீர் கோடா என்று கேளுங்கள். மூலைமட்டத்தைத் தானாக எடுத்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். தாளை மடிக்கக் கை போனால் இன்னும் இரண்டு வடிவம் கொடுக்கலாம்.